பொங்கலை ஓசூருக்கு மாற்றலாமா? அத்தை வாய் திறக்க மாட்டேன் என்கிறார்

மூத்த மருமகள் (காவேரிப்பட்டணம் பக்கம்), ஜனவரி 6, 2026

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம் எங்களுடையது. இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து 23 வருஷம் ஆகிறது. மாமனார் இல்லை. அத்தைக்கு 76 வயது. இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, இரண்டு கறவை மாடு, ஒரு கன்றுக்குட்டி. இவற்றைப் பார்த்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் அத்தையும் இங்கே இருக்கிறோம். பெரிய கொழுந்தனார் குடும்பம் ஓசூரில் பாகலூர் ரோடு பக்கம். சின்னவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். என் மகளுக்கு 20 வயது. போன ஆடி மாதத்திலிருந்து ஓசூர்ப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். சித்தப்பா வீடு அதே ஊரில் இருந்தும், கம்பெனி பஸ் அந்தப் பக்கம் போகாததால் அங்கே தங்க முடியவில்லை.

இந்த வருஷம் பொங்கல் வியாழக்கிழமை. மகளுக்கு அந்த ஒரு நாள்தான் லீவு. புதன்கிழமை பி ஷிப்ட், ராத்திரி பத்து மணிக்குத்தான் விடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மறுபடியும் உள்ளே இருக்க வேண்டும். பண்டிகை நேரத்தில் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வண்டிகள் நிற்கிற வரிசை உங்களுக்கே தெரியும். சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். பொங்கலுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் வந்து, ஒரு வாய் பொங்கல் சாப்பிட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்று திரும்பிப் போவதற்குள் அந்த நாள் முடிந்துவிடும்.

அதனால் பெரிய கொழுந்தனார் போனில் சொன்னார்: "அண்ணி, அம்மாவைக் கூட்டிக்கிட்டு எல்லாரும் இங்கயே வந்துடுங்க. இந்த வருஷம் பொங்கல் எங்க வீட்டுல. பாப்பா பத்து நிமிஷத்துல வந்துடும்."

நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறார். எனக்கும் ஆசை இருக்கிறது, மறைக்க மாட்டேன். தீபாவளிக்கும் மகளை அரை நாள்தான் பார்த்தேன். ஆனால் போனால் மாடுகளை யார் பார்ப்பது? காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும். அதைவிட முக்கியம், அத்தையிடம் "என்ன அத்தை பண்ணலாம்?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். "எனக்கு எங்கன்னாலும் சரி கண்ணு" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறார். அந்தச் "சரி" சம்மதமா, வருத்தமா என்று இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. போன தீபாவளிக்கு எல்லோரும் இங்கே கூடினோம். மதியம் டிவியில் தேர்தல் செய்தி ஓடியது. பெரியவருக்கு ஒரு கட்சி, சின்னவருக்கு ஒரு கட்சி. பேச்சு அப்படியே தோப்புக்குத் தாவியது. போன மாம்பழ சீசனில் பெங்களூரா ரக மாங்காய்க்கு கிலோ ஐந்து ரூபாய்க்குக்கூட ஆள் வரவில்லை. மாங்கூழ் தொழிற்சாலைகள் வாங்கவில்லை என்றால் எங்கள் பக்கத்து பெங்களூராவுக்குப் போக்கிடம் கிடையாது. பறிக்கிற கூலி கட்டாது என்று பாதிக் காயை மரத்திலேயே விட்டோம். "வித்துட்டு அம்மாவோட ஓசூருக்கு வந்துடுங்கண்ணா" என்றார் பெரியவர். "அப்பா நட்ட மரம், விக்க நீ யாரு?" என்றார் சின்னவர். கடைசியில் சின்னவர் இலை முன்னால் உட்கார்ந்தவர் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். அத்தை அந்த இலையை அப்படியே எடுத்துப்போய் மாட்டுக்கு வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டையை அடைக்கிறது.

பொங்கலை எங்கே வைப்பது, எல்லோரும் கூடினால் இந்தச் சண்டை திரும்ப வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இரண்டுக்கும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பென்னாகரத்துக்காரன், ஜனவரி 6

அக்கா, நான் பெங்களூரு பொம்மசந்திராவில் 15 வருஷமாக வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்பதை நான் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

இங்கே சங்கராந்திக்கு ஒரு நாள் லீவு விடுவார்கள். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் கர்நாடகத்தில் கணக்கில் வராது. அதனால் ஒரு வருஷம் அம்மாவை இங்கே கூட்டி வந்துவிட்டேன். கேஸ் அடுப்பில் பொங்கல் வைத்தோம். நன்றாகத்தான் பொங்கியது. அம்மாவும் சிரித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் இட்லி வைத்தேன், சாப்பிடவில்லை. பதினொரு மணி ஆனது, அப்போதும் சாப்பிடவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து கேட்டேன். "மாட்டுக்கு ஒண்ணும் வைக்கலையேடா" என்றார். எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கல் அன்றைக்கு மாட்டுக்கு ஊட்டிய பிறகுதான் மனிதர்கள் வாயில் வைப்போம். நான் இங்கே வந்தபிறகு மறந்தே போயிருந்தேன். அப்புறம் அம்மாவை ஸ்கூட்டரில் உட்கார வைத்து, மாடு கட்டியிருக்கிற ஒரு வீட்டைத் தேடி நாலு தெரு சுற்றினேன். ஒரு பால்காரர் வீட்டில் கெஞ்சிக் கேட்டு, அம்மா அந்த மாட்டுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். மணி ஒன்றுக்கு மேல்தான் சாப்பிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து நான்தான் ஊருக்குப் போகிறேன்.

மகள் லீவு விஷயமாக ஒன்று. தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் என்று 1958-லிருந்தே இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக, பண்டிகைக்கு என்று ஐந்து நாள் சம்பளத்தோடு விட வேண்டும். அந்த ஐந்து எவை என்று வருஷ ஆரம்பத்தில் முடிவு செய்து நோட்டீஸ் போர்டில் போடுவார்கள். அந்த நாளில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு. பாப்பாவை அந்தப் பட்டியலைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். புதுசாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

---

ஊத்தங்கரை டீச்சர், ஜனவரி 7

அம்மாடி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். எனக்கும் மூன்று பிள்ளைகள், மூன்றும் மூன்று திசை. ரிட்டயர் ஆகி ஆறு வருஷம். இப்போது நானே மாமியார், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2024 டிசம்பர் 1 ராத்திரி ஃபெஞ்சல் புயல் மழை எங்கள் ஊரில் கொட்டியது ஞாபகம் இருக்கும். 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர். பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற கார், வேன்களை வெள்ளம் இழுத்துப் போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக் கொட்டகைச் சுவர் விழுந்தது. நெல், புளி, துணி எல்லாம் சேற்றில். ஆறு வாரத்தில் பொங்கல் வந்தது. முற்றத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. நான் யாரையும் வரச் சொல்லவில்லை. எங்கே உட்கார வைப்பேன்? மூன்று பிள்ளைகளும் சொல்லாமல் கொள்ளாமல் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு வாசலில்தான் பொங்கல் வைத்தோம். அந்த வருஷம் அரசியல் பேச ஒருவருக்கும் மூச்சு இல்லை. ராத்திரி மூன்று பேரும் ஒரே பாயில் தூங்கினார்கள், சின்னப் பிள்ளைகளில் தூங்கியது மாதிரி.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். பண்டிகைக்கு வருகிறவர்களுக்கு வேலை வேண்டும். வந்தவர்களை விருந்தாளி மாதிரி ஹாலில் உட்கார வைத்து, காபி கொடுத்து, டிவியைப் போட்டுவிட்டு, நாம் மட்டும் அடுக்களையில் வெந்துகொண்டிருந்தால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? இது அவரைக்கொட்டை சீசன். ஐந்து கிலோ வாங்கு, ராத்திரியே ஊறப்போடு. பொங்கல் அன்று மதியம் முற்றத்தில் பாயை விரித்து நடுவில் அண்டாவை வை. பிதுக்குப்பருப்பு எடுக்க எல்லோரையும் உட்காரச் சொல். ஆண்களையும்தான். கை ஈரமாக இருக்கும்போது செல்போனை எடுக்க முடியாது, ரிமோட்டை எடுக்க முடியாது, எழுந்து போகவும் மனசு வராது.

அப்புறம் அத்தையிடம் நீ கேட்ட கேள்வி. "என்ன பண்ணலாம்" என்று கேட்டால் என் வயதில் யாரும் பதில் சொல்ல மாட்டோம். நாம் ஒன்று சொல்லி, அதனால் ஒரு பிள்ளைக்குச் சங்கடம் வந்துவிட்டால் என்று பயம். அவர் என்ன பண்ணலாம் என்று கேட்காதே. அவருக்கு என்ன வேண்டும் என்று கேள். அதுவும் எல்லோர் எதிரிலும் வேண்டாம், கொட்டகையில் வைத்துக் கேள்.

---

பாலக்கோடு பாசஞ்சர், ஜனவரி 7

டோல்கேட்டை நினைத்துத்தான் பயம் என்றால் பஸ்ஸை மறந்துவிடுங்கள் சகோதரி. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்னும் ரயில் இல்லாததால் நம் பக்கத்து ஆட்களுக்கு ரயில் ஞாபகமே வருவதில்லை. ஓசூரிலிருந்து தர்மபுரி போகிற லைன் கெலமங்கலம், ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு வழியாக வருகிறது. மகள் காலை வண்டியைப் பிடித்து பாலக்கோட்டில் இறங்கினால் அப்பா பைக்கில் போய்க் கூட்டி வந்துவிடலாம். பெரிய ரோட்டுப் பக்கமே வர வேண்டாம். எல்லா வண்டியும் நிற்காது, நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு ஒரு விஷயமும் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூட வாத்தியார். நவம்பர் 4-லிருந்து வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பேருக்கு மேல் நீக்கம். அதில் இறந்தவர்கள் உண்டு, இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் உண்டு. ஆனால் நான் நடந்த தெருக்களில் அதிகம் பார்த்தது இடம் மாறிப் போனவர்கள்தான். கிராமத்தில் "அவரு ஓசூர்ல இருக்காரு சார்" என்பார்கள். ஓசூரில் போய்ப் பார்த்தால் அங்கே பெயரே சேர்த்திருக்க மாட்டார்கள். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

உங்கள் கொழுந்தனார்கள் இருவரும் வெளியூர். இருவர் பெயரும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இல்லை என்றால் பெயர் சேர்க்கப் படிவம் 6, கூடவே உறுதிமொழிப் படிவம். ஜனவரி 18 வரை நேரம் இருக்கிறது. பெற்றோர் பெயர் பழைய பட்டியலில் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். உங்கள் ஊருக்குத் தேடும்போது இன்றைய தொகுதிப் பெயரில் தேடாதீர்கள். அந்தப் பட்டியல் 2002-லோ 2005-லோ எடுத்தது. அப்போது காவேரிப்பட்டணம் என்றே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுசீரமைப்பில்தான் அது இல்லாமல் போனது. இதே மாதிரி எங்கள் மாவட்டத்தில் மொரப்பூர் தொகுதியும் போய்விட்டது. பெயர் கிடைக்கவில்லை என்று பாதிப் பேர் இதில்தான் திணறினார்கள்.

---

மூத்த மருமகள், ஜனவரி 19

மூன்று பேருக்கும் நன்றி. அன்றைக்கே எழுத நினைத்தேன், கை ஒழியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

டீச்சரம்மா சொன்னபடி கொட்டகையில் வைத்துக் கேட்டேன். அத்தை பால் கறந்துகொண்டிருந்தார். "உங்களுக்கு என்ன வேணும் அத்தை, அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். கறந்து முடிக்கும்வரை பதில் இல்லை. செம்பை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பாப்பா அங்க எந்த இடத்துல படுத்துத் தூங்குதுன்னு ஒரு தரம் பாக்கணும். ஆறு மாசமா தூங்கப் போறப்ப அதான் நெனப்பு."

நாங்கள் எல்லோரும் மாடு, பொங்கல் பானை, தோப்பு என்று என்னென்னவோ யோசித்துக்கொண்டிருந்தோம். பெற்ற எனக்கே அது தோன்றவில்லை. ஹாஸ்டலில் சேர்த்தபோது என் வீட்டுக்காரர் மட்டும் போய்விட்டு வந்தார். நானும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

அதனால் பொங்கலை இங்கேயே வைப்பது, ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வார லீவு, அன்றைக்கு அத்தை ஓசூருக்குப் போவது என்று முடிவானது. பெரிய கொழுந்தனாரிடம் நானே பேசினேன். முதலில் கொஞ்சம் முகம் சுளித்த மாதிரிதான் குரல் இருந்தது. அம்மா இரண்டு நாள் அவர் வீட்டில் தங்குவார் என்றதும் சரியாகிவிட்டார்.

புதன்கிழமை சாயந்தரம் காப்பு கட்டினோம். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு மூலை, கொட்டகை, தோப்பு முனை எல்லா இடத்திலும் செருகினோம். சின்னவர் திருப்பூரிலிருந்து அன்றைக்கு இருட்டிய பிறகு வந்தார். வந்ததும் அத்தை காலில் விழுந்து எழுந்தார். தீபாவளியைப் பற்றி இருவருமே பேசவில்லை. வியாழக்கிழமை காலை மகள் ரயிலில் பாலக்கோட்டில் இறங்கி, பானை பொங்குவதற்குச் சரியாக வந்து சேர்ந்தாள். வாத்தியார் அண்ணனுக்கு அதற்குத் தனியாக ஒரு நன்றி.

மதியம் அண்டாவை நடுவில் வைத்தேன். அவரைக்கொட்டையைப் பிதுக்கியவர்களுக்குத் தெரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் போதும், பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே குதிக்கும், தோல் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். அதிகமாக அழுத்தினால் பருப்பு உடையும். சின்னவர் முதலில் எல்லாவற்றையும் உடைத்தார். அத்தை அவர் கையைப் பிடித்து, சின்னப் பையனுக்குக் காட்டுவது மாதிரி விரலை வைத்துக் காட்டினார். பெரியவர் பிள்ளைகள் யார் பருப்பு தூரம் போகிறது என்று போட்டி போட்டார்கள். ஐந்து கிலோ, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டிவி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் அணைக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

தோப்புப் பேச்சு வந்தது, வராமல் இல்லை. பெரியவர்தான் எடுத்தார். ஆனால் இந்த முறை விற்கச் சொல்லவில்லை. பாதி மரத்தை எடுத்துவிட்டு மல்பெரி போடலாமா, தர்மபுரிக்குப் பட்டுக்கூடு கொண்டு போகிறவர்கள் கையில் மாதாமாதம் காசு பார்க்கிறார்களே என்றார். என் வீட்டுக்காரர் யோசிக்கலாம் என்றார். சின்னவர் குனிந்தபடியே பிதுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கெணத்தடி ஓரத்து மரம் மட்டும் இருக்கட்டும்" என்றார். மாமனார் முதலில் நட்டது அது. இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

ராத்திரி களியும் பிதுக்குப்பருப்புக் குழம்பும் சாப்பிட்ட பிறகு பட்டியலைப் பார்க்க உட்கார்ந்தோம். வாத்தியார் அண்ணன் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. பெரியவர் பெயர் ஊரிலும் இல்லை, ஓசூரிலும் இல்லை. தேர்தலைப் பற்றி அவ்வளவு பேசுகிற மனிதர், கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. சின்னவர்தான் தன் போனில் படிவம் 6-ஐத் திறந்து, அண்ணனுக்காக ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பழைய பட்டியலில் காவேரிப்பட்டணம் தொகுதியில் தேடியதும் மாமனார் பெயர் வந்தது. அதற்கு அடுத்த வரியில் அத்தை பெயர். அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். போனைக் கையில் வாங்கி, மாமனார் பெயரை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்தார். போனைத் திரும்பக் கொடுக்க ரொம்ப நேரம் ஆனது.

மறுநாள் காலை மகள் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துவிட்டு, கை கழுவக்கூட நேரமில்லாமல் கிளம்பினாள். பொங்கலுக்கு ரேஷனில் கொடுத்த 3,000 ரூபாயில் 500 ரூபாயை அத்தை அவள் பையில் செருகினார். பண்டிகை லீவுப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் தம்பி.

நேற்று அத்தை ஓசூர் போனார். நான் போகவில்லை, பால் கறக்க ஒரு ஆள் வேண்டுமே. மகள் சொல்லித்தான் எல்லாம் தெரியும். ஹாஸ்டல் வார்டனிடம் கேட்டு மாடிக்குக் கூட்டிப் போனாளாம். ஒரு அறையில் ஆறு பேர், மேலும் கீழுமாகக் கட்டில். இவளுடையது மேல் கட்டில். அத்தை கட்டிலின் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாராம், உறுதியாக இருக்கிறதா என்று. பிறகு கீழ்க் கட்டிலில் படுக்கிற பெண்ணிடம், "எங்க பாப்பா தூக்கத்துல உருளும், கொஞ்சம் பாத்துக்க கண்ணு" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன பிதுக்குப்பருப்புக் குழம்பை ஆறு பேருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாராம். அந்தப் பெண்களில் ஒருத்தி ஒடிசாவாம், பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் அங்கேயே இருந்திருக்கிறாள். அவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாளாம். சாயந்தரம் எல்லோரும் சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

இன்று அத்தை வரவில்லை. நாளைக்கும் வரமாட்டார் போலிருக்கிறது. காலையில் போன் செய்து, கன்றுக்குட்டி பால் குடித்ததா என்று மட்டும் கேட்டார்.